முட்டையை நிறுத்தியவர் அருளப்பன் அல்ல

அருளப்பன் இறந்த செய்தி காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வந்தது. அவருடைய மைத்துனர் தண்டலத்திலிருந்து சைக்கிளிலேயே வந்திருந்தார். வாட்ச்மேன் உள்ளே விடாததால் வாசலில் நின்றுகொண்டு, டைம் ஆபீசில் இருந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய் நின்றதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த 1991இல், மே மாதத்துக் குண்டுவெடிப்பால், நம் ஊர்ப்பெயரை உலகமே ஒருமுறை உச்சரித்து முடித்துவிட்டது. அதே ஆண்டில் அருளப்பன் போனது தண்டலத்தையும் நம் கம்பெனியையும் தாண்டி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் அடக்கத்துக்குப் போய்விட்டு மறுநாள் வேலைக்கு வந்தபோது நோட்டீஸ் போர்டில் இரங்கல் அறிவிப்பு ஒட்டியிருந்தது. “எளிய உணவின் பெருமையை நமக்கெல்லாம் எடுத்துரைத்த நம் மொழிபெயர்ப்பாளர் திரு. அருளப்பன்” என்று அது தொடங்கியது. மாதக் கடைசியில் கேன்டீனில் நினைவுக்கூட்டம் நடக்கும் என்றும், அவருடைய புகழ்பெற்ற கட்டுரையைச் சட்டம் போட்டுக் கேன்டீன் சுவரில் மாட்டப்போவதாகவும், அதை பர்சனல் மேனேஜரே திறந்து வைப்பார் என்றும் போட்டிருந்தார்கள். படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மேனேஜரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்ப்பது அவருக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

நம் வாசகர் வட்டத்து இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அருளப்பனோடு வேலை செய்தவர்கள். அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கூட்டத்துக்கு முன்னால் இதை நீங்கள் படித்தாக வேண்டும். உங்கள் தட்டிலிருந்து முட்டையை எடுத்தது யார், திரும்ப வைத்தது யார் என்று தெரியாமல் அந்தச் சட்டத்துக்கு நீங்கள் கைதட்டிவிடக் கூடாது.

வெளியாட்களுக்காக ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். அருளப்பன் காரைக்கால்காரர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மனைவி ரோஸ்மேரிக்குத் தண்டலம் பக்கம் என்பதால் இங்கே வந்து சேர்ந்தார். பென்னலூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் வால்வு கம்பெனிக்கு மெஷின்கள் பிரான்சிலிருந்து வந்தன. கூடவே வந்த புத்தகங்கள் பிரெஞ்சில் இருந்தன. அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுக்க இவரை எடுத்தார்கள். எல்லோரும் ‘பிரெஞ்சு சார்’ என்றுதான் கூப்பிடுவோம். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். மூக்குக்கு மேல் கோபம். சாப்பாட்டில் எதையாவது நொட்டை சொல்லாமல் ஒரு வேளை எழுந்ததில்லை. தப்பாக ஒரு சொல்லை யாராவது சொல்லிவிட்டால், அவர் சாப்பாடு ஆறிப்போனாலும் அதைத் திருத்திவிட்டுத்தான் கை வைப்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கமே ஒரு சண்டையில் ஆரம்பித்தது. ஆயுதபூஜை விருந்துக்குக் கேன்டீனில் சூப் வைத்திருந்தார்கள். அருளப்பன் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, இது சூப்பே இல்லை என்றார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பின்னே எது சூப் என்று கேட்டேன். முன்காலத்துப் பிரான்சில் கிண்ணத்தின் அடியில் போடும் ரொட்டித் துண்டுக்குத்தான் அந்தப் பெயராம். மேலே ஊற்றுகிற காய்ச்சாற்றுக்கு வேறு பெயர். சமையல்காரி அடுப்பை மூட்டிவிட்டு முதலில் “சூப்பை வெட்டு” என்பாளாம். சூப்பை எப்படி ஐயா வெட்டுவது என்று நான் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் வெகுநாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே ஒரு காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து, என் தட்டில் பிய்த்துப் போட்டு, அதன் மேல் என் ரசத்தை ஊற்றினார். இப்போது சாப்பிடு என்றார். நன்றாகத்தான் இருந்தது. அதை நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் சிநேகமானோம்.

இதழுக்குக் கட்டுரை கேட்டபோது எல்லோரும் அவரவர் ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். அருளப்பன், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் இருந்த எழுத்தாளர்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதப்போவதாகச் சொன்னார். இதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் தயங்கினோம். “எழுதினவன்லாம் காத்தைக் குடிச்சிட்டா எழுதினான்? அவன் எழுதினதைப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்கான். அவன் தின்னதை நான் பேசறேன்” என்றார். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கட்டுரையை இப்போது எடுத்துப் படித்தாலும் எனக்குப் பசிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சுட்ட பெரிய ரொட்டி, கடைசி நாட்களில் பல் உடைகிற மாதிரிக் காய்ந்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் ஊறவைத்தார்கள். முட்டைக்கோஸ், டர்னிப், பட்டாணி, மொச்சை. வசதியில்லாத சீமைகளில் தானியத்தைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. உருளைக்கிழங்கும் தக்காளியும் சாதாரண வீட்டுச் சமையலுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. மிளகாயும் கிடையாது. தவக்காலத்தில் கறி கூடாது, உப்பு மீன்தான். நாற்பது நாளும் ஒரே நாற்றம் என்று அந்தக் கவிஞர்கள் புலம்பினார்களாம். ஒயினில் தண்ணீர் கலந்து குடித்தார்கள். மாடியறையில் அடுப்பில்லாமல் குடியிருந்தவன் தெருமுனைக் கடையில் சுட்ட இறைச்சியைத் துண்டாக வாங்கி வந்து, ஒரு கையால் தின்றுகொண்டு மறுகையால் எழுதினான். முள்கரண்டி பெரிய வீட்டு வேடிக்கை. மற்றவர்களுக்குக் கத்தியும் விரலும். வெள்ளைக்காரன் என்றால் பிறக்கும்போதே முள்கரண்டியோடு பிறந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு, அவனும் விரலை நக்கினான் என்று படித்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நினைவிருக்கும்.

கட்டுரையின் பின்பாதிதான் முக்கியம். அந்தக் காலத்தில் எழுத்தாளன் புத்தகம் விற்றுச் சாப்பிட முடியாது. ஒரு பிரபுவின் வீட்டில் கணக்கெழுதவோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவோ சேர்ந்துகொள்வான். அப்படிச் சேர்ந்தவனை, ‘அரண்மனையில் வாய் உள்ளவன்’ என்பார்களாம். அந்த வீட்டில் அவன் வாய்க்கு உரிமை உண்டு என்று பொருள். நாளுக்கு இவ்வளவு ரொட்டி, இவ்வளவு ஒயின், இந்தக் கிழமையில் இறைச்சி, இந்தக் கிழமையில் மீன் என்று பேசி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ‘ஆர்தினேர்’. அதில் கை வைத்தால் எழுத்தாளன் சும்மா இருக்க மாட்டான். பிரபுவின் கஞ்சத்தனத்தைப் பாட்டாகப் பாடி ஊரெல்லாம் சிரிக்க வைத்துவிடுவான்.

இந்த ஆர்தினேர் என்ற சொல்லில்தான் அருளப்பன் சறுக்கினார். மற்றவர்களின் சொல்லைத் திருத்தியே பிழைத்தவர், சொந்தக் கட்டுரையில் கோட்டைவிட்டார். அந்தச் சொல்லுக்கு இன்றைக்குப் பொதுவாக வழங்கும் பொருள் சாதாரணம் என்பது. பழைய பொருள் மனதில் இருந்தும், அவசரத்தில் கையில் வந்த தமிழைப் போட்டுவிட்டார். ‘பிரெஞ்சு எழுத்தாளர்களின் சாதாரணச் சாப்பாடு’ என்று தலைப்பு. உள்ளே போகப் போக ‘எளிய உணவு’ என்றும் எழுதினார். அச்சுக்குக் கொடுக்கும்போது, ஏதோ உறுத்துகிறது, சரியான சொல் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். பரவாயில்லை, புரிகிறது என்றேன். இதழ் வெளிவந்தது.

அந்தச் சமயத்தில்தான் செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மேனேஜர் கேன்டீன் மேல் கண் வைத்தார். புதன்கிழமை முட்டையும் வெள்ளிக்கிழமை மீனும் அவருக்குக் கண்ணை உறுத்தின. நேராக நிறுத்தினால் யூனியன் எழுந்து நிற்கும் என்று பயம். அப்போது யாரோ அவருக்கு நம் இதழைக் காட்டியிருக்கிறார்கள். கட்டுரையின் முன்பாதியை மட்டும் பெரிய எழுத்தில் டைப் அடிக்கச் சொல்லி, போர்டில் ஒட்டினார். ரொட்டி, கஞ்சி, மொச்சை எல்லாம் இருந்தது. உப்பு மீனையும் சுட்ட இறைச்சியையும் ஜாக்கிரதையாக எடுத்துவிட்டிருந்தார். பிரபுவின் கதை சுத்தமாக இல்லை. அடியில் அருளப்பனின் பெயர். அதற்கும் அடியில், மாபெரும் எழுத்தாளர்களே எளிய உணவு உண்டுதான் உயர்ந்தார்கள், அதை நமக்கு அறியத் தந்த நம் அருளப்பனின் கருத்தை ஏற்று அடுத்த வாரம் முதல் கேன்டீனில் எளிய உணவுத் திட்டம் என்று அறிவிப்பு. கீழே கையெழுத்து, பகட்டாக.

புதன்கிழமை வந்தது, முட்டை வரவில்லை. பென்னலூர் முனுசாமி, நம் லேத்து முனுசாமிதான், தட்டோடு வந்து அருளப்பனுக்கு முன்னால் நின்றார். “இன்னா சார், உங்க வெள்ளக்காரன் முட்ட துன்னலன்னா நாங்களும் துன்னக் கூடாதா?” என்றார். அருளப்பன் எழுந்து, தான் அப்படி எழுதவில்லை என்று ஆரம்பித்தார். முனுசாமி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் இருந்த எல்லோரும் எழுந்துகொண்டார்கள். நானும் அருளப்பனும் மட்டும் மிஞ்சினோம். அதற்குப் பிறகு ‘பிரெஞ்சு சார்’ என்ற பெயர் போய், ‘கஞ்சி சார்’ என்று ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவர் காதுபடவே அப்படிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அருளப்பன் மேனேஜர் அறைக்குப் போனார். முழுக் கட்டுரையையும் ஒட்டுங்கள் என்று கேட்டார். இடம் போதாது என்று பதில் வந்தது. பெயரையாவது எடுங்கள் என்றார். பெயர் இருப்பது உங்களுக்குப் பெருமைதானே என்று அந்த மனிதர் சிரித்தாராம். யூனியன் செயலாளரிடம் போனார். அவர் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கும் கோபம். “நீ எழுதினது போர்டுல கீது. நீ சொல்றது உன் வாயில கீது. எத்த நம்பறது?” என்று கேட்டுவிட்டார். அருளப்பன் திரும்பி வந்தார். எழுத்தை நம்பு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர்.

அந்த மாதச் சம்பள நாளில் ஒன்று நடந்தது. டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒருவர், தன் சம்பளம் போன மாதத்தைவிட ஏன் கூடுதலாக வந்திருக்கிறது என்று கேட்டார். பஞ்சப்படி ஏறியிருக்கிறது என்று நான் சொன்னேன். பின்னால் கார்டு போட நின்ற அருளப்பன் அப்படியே நின்றுவிட்டார். வரிசை முழுக்க அவரைத் தள்ளுகிறது, அவர் நகரவில்லை. “வேலாயுதம், படிய்யா. படி. ஆர்தினேருக்குப் படி” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது விளக்கினார். பஞ்சப்படி, பயணப்படி, கோயிலில் சுவாமிக்கு அளக்கிற படித்தரம். இன்னாருக்கு இவ்வளவு என்று வைத்தாகிவிட்டால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்கிறவன் நினைத்தபோது நிறுத்த முடியாது. ‘எழுத்தாளர்களின் சாப்பாட்டுப்படி’ என்று தலைப்பு வைத்திருந்தால் அந்த ஆள் என் கட்டுரையைத் தொட்டே இருக்க மாட்டான் என்றார். உண்மைதான். படி என்ற சொல்லை எந்த மேனேஜர் தொழிலாளி கண்ணில் படுகிற மாதிரி போர்டில் ஒட்டுவான்? தனக்குத் தெரிந்த ஒரு சொல், வேண்டிய நேரத்தில் தனக்கு வரவில்லை என்பதை அருளப்பனால் தாங்கவே முடியவில்லை. நடந்துகொண்டே தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

திருத்தம் எழுதி அடுத்த இதழில் போட்டோம். யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும், மாட்டிக்கொண்ட பிறகு மாற்றிப் பேசுகிறார் என்றார்கள். அதற்குப் பிறகு அருளப்பன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் விட்டுவிட்டார் என்று நான்கூட நினைத்தேன். ஒருநாள் கேட்டேன். “விடறதா? அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு பாக்கி இருக்கு, நான் பரிமாறுவேன்” என்றார். அவர் பேச்சில் அவ்வளவு அமைதி இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கிறது.

மறு வருஷம் பிரான்சிலிருந்து மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கெஸ்ட் ஹவுசில் மதிய விருந்து. பிரியாணி, இறால், கோழி, ஐஸ்கிரீம். மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க அருளப்பன். விருந்தாளிகளுக்குப் பாஸ் எழுதிக் கொண்டுபோயிருந்த நான், போகலாம் என்று யாரும் சொல்லாததால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒரு வயசான இஞ்சினீயர், இங்கே தொழிலாளர்களுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டதில் ஆர்தினேர் என்ற சொல் என் காதில் விழுந்தது. அருளப்பன் அதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். மேனேஜர், நம் ஆட்கள் எளிமையான சாப்பாட்டைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லச் சொன்னார்.

அருளப்பன் சொன்னது கொஞ்சம் நீளமாக இருந்தது. குரலை உயர்த்தவில்லை. புன்னகைகூட இருந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை அன்று சாயங்காலம் எனக்கு வரிக்கு வரி தமிழில் சொன்னார்: “இவங்க படியில முட்டையும் மீனும் இருந்துச்சு. இந்தக் கோட்டுப் போட்டவர் அதை நிறுத்திட்டார். நிறுத்தறதுக்கு உங்க நாட்டு எழுத்தாளர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்தச் சாட்சியை எழுதிக் கொடுத்த முட்டாள் நான்தான். இப்போ இவர், அவங்களுக்கு எளிமை பிடிக்கும்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்றார். சொல்லிட்டேன்.”

கிழவர் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார். கேன்டீனில் சாப்பிட விரும்புகிறார் என்று அருளப்பன் மொழிபெயர்த்தார். மேனேஜர் பதறினார், பிறகு சிரித்தார், பிறகு வேறு வழியில்லாமல் கூடவே போனார். கேன்டீன் பெஞ்சில், உங்கள் நடுவில், கோட்டோடு உட்கார்ந்து தண்ணீர் சாம்பாரை அந்த மனிதர் விழுங்கியதை நீங்களே பார்த்தீர்கள். கிழவர் தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டு அவரையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறு கரண்டி சாம்பார் வேண்டுமா என்று அருளப்பன் மேனேஜரைக் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் சாகும்வரை மறக்க முடியாது. எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்!

அன்றைக்கு நீங்கள் நினைத்தது வேறு. வெள்ளைக்காரனைக் கூட்டிவந்து நம் கஞ்சியைக் காட்டிப் பெருமை அடிக்கிறான் என்று பேசிக்கொண்டீர்கள். கிழவர் ஊருக்குப் போய் மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் மேனேஜரைக் கேட்டது. சீக்கிரமே ஒரு புதன்கிழமை முட்டை திரும்பி வந்தது, வெள்ளிக்கிழமை மீன் வந்தது. நிர்வாகம் தானாக மனமுவந்து வழங்குவதாகப் போர்டில் எழுதினார்கள். நீங்கள் மேனேஜருக்கு மாலை போட்டீர்கள். மாலைக்குக் காசு வசூலித்தவர் முனுசாமி. நேற்று அவரிடம் இதைச் சொன்னபோது அவர் டைம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அருளப்பன் சத்தியம் வாங்கிக்கொண்டார். விருந்தில் என்ன பேசினார் என்று மேனேஜருக்குத் தெரியாது, சந்தேகம்தான். தெரிந்தால் வேலையே போயிருக்கும். சந்தேகத்துக்கு ஸ்கிராப் யார்டு. மொழிபெயர்ப்பாளரை இரும்புத் துண்டு எடைபோட வைத்தார்கள். வெயிலில் தகரக் கொட்டகை. ஓய்வுபெற இன்னும் வருஷங்கள் இருந்தவர், அங்கேயேதான் கடைசிவரை இருந்தார். அதனால்தான் நெஞ்சில் நீர் கோத்தது என்று நான் சொன்னால் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் டாக்டருக்காக எழுதவில்லை.

ஒரே ஒரு சந்தோஷம் அவருக்குக் கிடைத்தது. இவரை யார்டுக்கு மாற்றிய பிறகு பிரெஞ்சுக் கடிதங்களைச் சென்னையில் யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கினார்கள். மேனேஜர் அனுப்பிய நன்றிக் கடிதம் அங்கே இரங்கல் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. இங்கே யாரும் இறக்கவில்லையே என்று அவர்கள் பதில் போட்டார்கள். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள முடியாமல் யார்டுக்கு எடுத்துவந்து இவரிடமே காட்டினார்கள். அருளப்பன் வரிவரியாகப் படித்து, நல்லபடி எழுதியிருக்கிறார்கள், உங்கள் நலம் விசாரிக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று பஸ்ஸில் அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

இந்த வருஷம் படுத்த படுக்கையானார். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் தண்டலம் போயிருந்தபோது பங்குச் சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலுக்கு வந்திருந்தார். எண்ணெய் பூசுவதற்கு முன்னால், யார் மேலாவது வன்மம் இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ரோஸ்மேரி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று அழுதார்கள். அந்த அம்மாவுக்குப் புருஷன் மோட்சம் போக வேண்டும். அந்த அறையில் அதைவிடப் பெரிய கவலை எதுவும் இல்லை. கடைசியில் அருளப்பன் அந்த மேனேஜரின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், இனிஷியலோடு, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். “மன்னிச்சிட்டேன் சாமி” என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். எனக்கு அவரைத் தெரியும், சாமியார் முன்னால் பொய்யாக ஒரு சொல்லை அவர் சொல்ல மாட்டார்.

சாமியார் போன பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார். நான் குனிந்தேன். மூச்சு இழுத்தது, ஆனாலும் சொல் தெளிவாகவே வந்தது.

“வேலாயுதம், நான் இனிமே அதை வெச்சிருக்கக் கூடாது. சாமிகிட்டச் சொல்லிட்டேன். நீதான் வேற ஆளாச்சே. நீ வெச்சிக்க.”

அவருடைய அகராதிகள் ரோஸ்மேரி அம்மாவிடம் இருக்கின்றன. அவர் எனக்கென்று கொடுத்தது இது ஒன்றுதான். ஸ்கிராப் யார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, என்னை அங்கே அனுப்பினால் போகிறேன். மாதக் கடைசியில் அந்த மனிதர் கேன்டீனில் திரையை விலக்கும்போது நான் முதல் வரிசையில் இருப்பேன். அருளப்பன் அவரை மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை.